சலவை ஆலைக்குக் கூட்டிய பத்து வயசு

நான் என்ன வேலை செய்தேன் என்று என் மனிசிக்கு இன்றைக்கும் தெரியாது. கோயிலில் யாராவது கேட்டால் "இவர் பென்சன் கந்தோரிலை இருந்தவர்" என்று சொல்லிவிடுவாள். உடனே கேட்டவர் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், தனக்கு ஏன் பென்சன் இவ்வளவு குறைவாக வருகிறது என்று விசாரிப்பார். நான் ஒருவருக்கும் பென்சன் கொடுத்தவனும் இல்லை, வெட்டினவனும் இல்லை. அதைச் சொன்னால், "அப்ப இவ்வளவு காலமும் அங்கை என்ன செய்தனீங்கள்?" என்பார். அதற்கு மறுமொழி சொல்லி முடிப்பதற்குள் மடைப்பள்ளியில் சுண்டல் முடிந்துவிடும்.

போன கிழமை ஆரணி தொலைபேசி எடுத்தாள். நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருக்கிறவள், இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கடை பிள்ளை.

"மாமா, சலவை ஆலையிலை வேலை செய்யிற ஆக்களுக்கு மட்டும் பத்து வயசு கூட்டிக் கணக்குப் பாக்கிறம். ஏன் பத்து? ஃபோர்ஷ்க்னிங் ஒண்டும் இல்லையே."

ஆராய்ச்சி ஆதாரம் கேட்கிறாள். நான் சிரித்துவிட்டேன். ஒரு ஆலைக்காகச் செய்த ஒரு காரியம் சட்டம்போல ஆகி, ஒஸ்லோவில் துணி துவைக்கிற அத்தனை பேருக்கும் பத்து வயசு கூட்டிக்கொண்டு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "பிறகு சொல்லுறன் பிள்ளை" என்று வைத்துவிட்டேன். ஆரணிக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. அந்தத் துணிவில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அப்படியும் ஆளைப் பிடித்துவிட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் புண்ணியம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தரமாவது யாரும் சுண்டலுக்கு ஓடாமல் கேளுங்கள். சில கம்பனிகள் தங்கள் ஊழியர்களுக்கென்று சொந்தமாக ஒரு பென்சன் நிதி வைத்திருக்கும். அந்த நிதி ஒரு நாள் படுத்துவிட்டால் வயதுபோன சனம் தெருவில் நிற்கக்கூடாது என்று அரசாங்கம் பிணை நிற்கும். எங்கடை ஆக்கள் பிணைக்குக் கையெழுத்துப் போடுவது வெட்கத்துக்கு. கேட்டவர் பெண் எடுத்த பகுதி, மாட்டேன் என்று சொல்லமுடியாது. அரசாங்கத்துக்கு அப்படி வெட்கம் கிடையாது, ஆகவே பிணைக்கு விலை கேட்கும். அந்த விலையைப் போட்டவர்களில் நான் ஒருவன். இரண்டாயிரங்களின் நடுவில் இதைச் சோதனையாகத் தொடங்கினபோது எங்கள் கந்தோரில் ஒரு சின்ன அறையும் ஒரு பெரிய மேசையும் தந்தார்கள்.

விலை போடுவது லேசு என்று நினைக்கவேண்டாம். எல்லா நிதிக்கும் ஒரே விலை என்றால் ஒழுங்காக நடத்துகிறவன் கண்டபடி நடத்துகிறவனுக்கும் சேர்த்துக் கட்டவேண்டும், அவன் கத்துவான். ஆபத்துக்கு ஏற்ற விலை என்றால் நோஞ்சான் நிதிக்கு விலை கூடும், அந்த விலையே அதைச் சாகடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று எண் சொல்லவேண்டும்.

இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்பது நீளக் கதை, சுருக்குகிறேன். எண்பதுகளில் எங்கள் பெடியள் கனபேர் நோர்வேக்கு வந்த அதே வழிதான்: ஃபோல்க்கஹொய்ஸ்கூல், அதாவது பரீட்சை இல்லாத, விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடம். வடக்கில், பனிக்குள், எட்டுப்பேர் ஒரு வீட்டில். பிறகு மீன் வெட்டி, ஒஸ்லோவுக்கு வந்து கந்தோர் கூட்டி, கூட்டிய கந்தோரிலேயே விட்ட கணக்குப் படிப்பை முடித்து, ஒரு நாள் தும்புத்தடியை வைத்துவிட்டு அதே கந்தோரின் கதிரையில் இருந்தேன். என்னோடு கூட்டினவர்கள், கதிரையையும் துடைத்துவிட்டுத்தான் இருப்பான் என்று பகிடி பண்ணினார்கள். துடைத்துவிட்டுத்தான் இருந்தேன்.

அந்த எட்டுப்பேரில் ஒருவர் பரா அண்ணை. எங்களுக்கு இருபது இருபத்திரண்டு, அவருக்கு முப்பத்தெட்டு. வயசு கூடினால் மாணவர் விசா தரமாட்டான் என்று கொழும்பில் ஒரு கதை உலாவியது. உண்மையோ பொய்யோ, ஏஜென்சிக்காரன் பரா அண்ணையின் வயசைக் குறைத்துவிட்டான். "எவ்வளவு குறைக்க?" என்று கேட்டானாம். "பத்தாய்க் குறையும் தம்பி, கணக்கு லேசு" என்று இவர் சொன்னாராம். வடக்கில் எங்களுக்குப் புட்டு அவித்துத் தந்து, இரவில் போர்வை இழுத்துவிட்டு, காய்ச்சல் வந்தால் மிளகு இடித்துத் தந்த அந்த மனிசன் கடதாசியில் எங்களைவிட ஆறேழு வயசுதான் மூத்தவர். அப்போது எங்களுக்கு அது பெரிய பகிடி. பென்சன் என்று ஒன்று வரும், அதற்கு வயசு என்று ஒன்று வேண்டும் என்று யார் நினைத்தார்கள்?

இனி என் மேலதிகாரி குன்வோர். பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும், நீ என்றுதான் கதைக்கவேண்டும், நோர்வே வழக்கம் அது. முதல் வருசம் முழுக்க நான் அவளைக் கூப்பிடவே இல்லை. முன்னால் போய் நின்று இருமுவேன். நெடிய மனிசி, நரைத்த கட்டை மயிர். கூட்டங்களில் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டே இருப்பாள். "இல்லை" என்ற சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஒரு கணக்குப் பிடிக்கவில்லை என்றால் பின்னுகிற ஊசி நிற்கும். அவ்வளவுதான். ஊசி நின்றால் நாங்கள் கணக்கை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவோம்.

அவளுக்கு ஒரு பிடிவாதம்: ஒரு நிதிக்கு விலை போடுவதற்கு முன் அந்தக் கம்பனியைப் போய்ப் பார்க்கவேண்டும். மற்றவர்கள் ஐந்தொகைக் கணக்கைப் பார்ப்பார்கள், இவள் கன்ரீனைப் பார்ப்பாள். முதலில் கோப்பி. தண்ணியாய் இருந்தால் கம்பனி இறுக்கத்தில் இருக்கிறது. பிறகு கழிவறை. உடைந்த பூட்டைத் திருத்தாதவன் உடைந்த நிதியையும் திருத்தமாட்டான். கடைசியாக, வேலை செய்கிறவர்கள் முதலாளி உள்ளே வரும்போது சிரிப்பை நிறுத்துகிறார்களா என்று பார்ப்பாள். இதையெல்லாம் "களப் பார்வை" என்ற தலைப்பில் ஒரே வரியில் எழுதுவாள். தன் சாப்பாட்டையும் தானே கொண்டுவருவாள், மண்ணிறப் பாற்கட்டி வைத்த இரண்டு துண்டுப் பாண், நடுவில் எண்ணெய்க் கடதாசி. பார்க்கப் போன இடத்தில் சாப்பிட்டால் கை நனைத்தது ஆகிவிடுமாம். கோப்பி மட்டும் ஆதாரம் என்பதால் விலக்கு.

ஹவுகெட்டோ ஸ்டேசனுக்குக் கிட்ட ஒரு சலவை ஆலை இருந்தது. ஹோட்டல்களின் விரிப்புகளும் துவாய்களும் மலைமலையாய் வரும். வேலை செய்தவர்களில் பாதி எங்கடை ஆக்கள். அதற்கு ஒரு பழைய பென்சன் நிதி, ஒருவர் சாகும்வரை மாதாமாதம் கொடுக்கிற வகை. முதலாளி ஆர்னே வெளிப்படையான மனிசன். "விலை அதிகம் என்றால் நிதியை மூடிவிடுவேன். சட்டம் சொல்கிற ஆகக்குறைந்ததை மட்டும் கட்டுவேன்" என்று சொல்லிவிட்டான். மூடினால் இருபது வருசமாய் நீராவிக்குள் நின்ற சனத்துக்குக் கிடைக்கிறது ஏதோ பேருக்குத்தான்.

நான் முதல் நாளே குன்வோரிடம் சொன்னேன்.

"எனக்கு அங்கே பாதிப்பேரைத் தெரியும். இந்தக் கணக்கை நான் தொடலாமா?"

"உறவா?"

"இல்லை. அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்."

ஊசி நின்றது. "எத்தனை தரம்?"

"எண்ணினதில்லை."

"நோர்வேயில் ஒருவர் வீட்டில் இரண்டு தரம் சாப்பிட்டால் நெருங்கிய நட்பு. உங்களுக்கு?"

"நாங்கள் கோபித்துக்கொண்டவர் வீட்டிலும் சாப்பிடுவோம்."

ஊசி திரும்ப ஓடியது. "நீ கணக்கைப் பார். விலையை நான் போடுகிறேன்."

கணக்குப் பார்த்தேன். விலை வானத்துக்குப் போனது. காரணம் பணமில்லை, முழங்கால். ஐம்பது வயசுக்காரர்கள் வரிசையாக முழங்கால், முதுகு, கண் என்று வேலையை விட்டு நின்றிருந்தார்கள். ஐம்பதில் ஒருவர் படுத்தால் நிதி அவரை முப்பது வருசம் தாங்கவேண்டும். அறுபதில் படுத்தால் இருபதுதான். கூட்டத்தில் எல்லாரும் மண்டையைப் போட்டு உடைத்தார்கள். ஒருவன் சவர்க்காரம் என்றான். ஒருவன் நீராவி என்றான். துரொண்ட்ஹெய்மில் படித்துவிட்டு வந்த ஒரு கெட்டிக்காரப் பெடியன் வெயில் நாட்டு ஆட்களின் எலும்புக்குக் குளிர் ஒத்துவராது என்று ஒரு பேச்சே பேசினான். குன்வோர் மட்டும், "இந்த ஆலையில் ஏன் ஆட்கள் பத்து வருசம் முந்திக் கிழவர் ஆகிறார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

எனக்குத் தெரியும். பரா அண்ணையும் அங்கேதான் வேலை, அவரைப்போலக் கடதாசியில் பத்து வயசு குறைத்து வந்தவர்கள் அங்கே கனபேர். அவர்கள் முந்திக் கிழவர் ஆகவில்லை. நேரத்துக்குத்தான் ஆகினார்கள். அதைச் சொன்னால் விலை இறங்கும், ஆனால் அவர்களின் குடியுரிமை, பாஸ்போட், எல்லாவற்றையும் யாரோ கிண்டத் தொடங்குவான். சொல்லாவிட்டால் ஆர்னே நிதியை மூடுவான். நான் தண்ணி குடித்தேன். அந்தக் கூட்டத்தில் நான் குடித்த தண்ணியில் ஒரு ஹோட்டல் விரிப்புத் துவைத்திருக்கலாம்.

களப் பார்வைக்கு நாங்கள் போன நாளில் கன்ரீனில் மாசிப்பான் கேக், மேசை நிறையச் சின்னச் சின்ன நோர்வேக் கொடிகள். நடுவில், மயிருக்குக் கறுப்படித்து, கழுத்துப்பட்டி கட்டி, மாப்பிள்ளை மாதிரி பரா அண்ணை. ஐம்பதாவது பிறந்தநாளாம். நோர்வேக் கம்பனிகளில் ஐம்பது என்றால் சும்மா விடமாட்டார்கள். ஆர்னே பேச்சுப் பேசினான், எல்லாரும் எழும்பி நின்று பாட்டுப் பாடினார்கள். எங்கடை ஆக்களும் பாடினார்கள், ஒருவரை ஒருவர் பாராமல்.

குன்வோர் கோப்பியைக் குடித்துப் பார்த்துத் தலையாட்டினாள், கோப்பி நல்லம். அப்போதுதான் பரா அண்ணை மடிப்புக் குலையாத பையில் இருந்து கார்ட்டுகளை எடுத்து எங்கடை ஆக்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். மஞ்சள் கார்ட், மூலையில் குங்குமம், நடுவில் பிள்ளையார். அதற்கு முந்தின கிழமையே எனக்குச் சொல்லியிருந்தார்: அறுபதாம் கலியாணம், ரொம்மனில் மண்டபம் எடுத்தாச்சு.

"அண்ணை, வேலையிலை ஐம்பது, வீட்டிலை அறுபது. ஒரே மாதத்திலை வேணுமே?" என்று நான் கேட்டதற்கு அவர் மனைவி தேவி அக்காதான் மறுமொழி சொன்னார்.

"கவர்மெண்டுக்கு ஐம்பது எண்டால் இருக்கட்டும் தம்பி. சனீஸ்வரனுக்கு அறுபதுதானே. சாத்திரி சொல்லிப்போட்டார், இந்த வருசம் கண்டம் இருக்காம். தாலியைக் கட்டிச் சாந்தி செய்யாமல் இவரை நான் வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டன்."

இப்போது கன்ரீனில் குன்வோருக்கு முன்னால் பரா அண்ணை வந்து நின்றுவிட்டார். பத்துப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கொடாமல் விட எங்கடை ஆளுக்குக் கை வருமா? கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் யோசித்தார், முகத்தில் தெரிந்தது. நாளும் மண்டபத்தின் முகவரியும் தவிர கார்ட் முழுக்கத் தமிழ், நல்லகாலம். குன்வோர் என்னிடம் திரும்பினாள்.

"என்ன விழா இது?"

"தன் மனைவியைத் திரும்பக் கலியாணம் கட்டுகிறார்."

"ஏன், பிரிந்திருந்தார்களா?"

"இல்லை. ஒரு வயசு வந்தால் கட்டுவது எங்கள் வழக்கம்."

"எந்த வயசு?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். இருமினேன். முதல் வருசத்து இருமல். அவள் கார்ட்டை மடித்துத் தன் பையில், பின்னல் நூலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் நான் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வரமாட்டாள் என்று மனிசி சொன்னாள். வந்தாள், அதுவும் புனாட் உடுத்துக்கொண்டு. அது நோர்வேக்காரர் தேசிய தினத்துக்கும் கலியாணத்துக்கும் போடுகிற உடுப்பு, தரைவரை கறுப்புக் கம்பளி, நெஞ்சில் வெள்ளிப் பதக்கங்கள் கிலுகிலு என்று. எங்கடை பெண்கள் தங்கத்தை மறந்துவிட்டு வெள்ளியைத் தொட்டுப் பார்த்தார்கள். மேடையில் பரா அண்ணையும் தேவி அக்காவும் பூரணகும்பத் தண்ணியில் நனைந்துபோய் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மருமகன்மார் இரவிரவாய் வெட்டி மினுக்குத்தாள் ஒட்டிய எண், ஆள் உயரத்துக்கு: 60.

தாலி கட்டி முடிந்ததும் அறிவிப்பாளர் பெடியன், வந்திருக்கிற ஒரே வெள்ளைக்காரியை விடுவானா? ஒலிவாங்கியைக் கொண்டுபோய் நீட்டினான். நோர்வேக்காரருக்கும் கொண்டாட்டம் என்றால் பேச்சு இல்லாமல் சரிவராது, அவள் மறுக்கவில்லை. மேடைக்கு ஏறினாள். அந்த எண்ணுக்கு முன்னால் நின்று அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மண்டபத்தில் பாதிப்பேர் சலவை ஆலை. ஒரு பிள்ளை அழுதது, தாய் வாயைப் பொத்தினாள். என் மனிசி என் கையைப் பிடித்துக்கொண்டாள், காரணம் தெரியாமலே.

குன்வோர் நோர்வேமொழியில் ஆறுதலாகச் சொன்னாள்: "பின்னால் உள்ள அலங்காரம் மிக அழகு. ஆனால் தமிழ் எண்களை வாசிக்க நான் இன்னும் பழகவில்லை. பரா, உனக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்துகள்."

மண்டபம் கைதட்டியது பாருங்கள், தாலி கட்டினபோதுகூட அப்படித் தட்டவில்லை. தேவி அக்கா ஈரச் சேலையோடு எழும்பிவந்து அவளைக் கட்டிப்பிடித்தார். புனாட் முழுக்கச் சந்தனமும் தண்ணியும். சாப்பாட்டுப் பந்தியில் வாழையிலைக்கு முன்னால் இருந்துகொண்டு அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இது ஒரு தரம். விலை போட்டு முடியும்வரை இரண்டாந்தரம் கூப்பிடச் சொல்லாதே."

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் பின்னல் கொண்டுவரவில்லை. அதுவே எங்களுக்குப் பயம்.

"கடினமான வேலை செய்கிறவர்களின் உடம்பு அவர்களின் வயசைவிட முந்திப் போகும். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு வயசைக் கூட்டிக் கணக்குப் பார்ப்பது எங்கள் தொழிலில் பழைய முறை. சலவை ஆலையில் பழைய ஆட்களுக்குக் கூட்டிப் பார்ப்போம்" என்றாள். உண்மைதான், எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற முறை. வழக்கமாக ஒன்று இரண்டு கூட்டுவார்கள்.

"எவ்வளவு கூட்ட?" என்று துரொண்ட்ஹெய்ம் பெடியன் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். "நாதன், நீ என்ன நினைக்கிறாய்?"

"பத்தாய்க் கூட்டலாம்" என்றேன். "கணக்கு லேசு."

"பத்துக்கு என்ன ஆதாரம்?" என்றான் பெடியன்.

"களப் பார்வை" என்றாள் குன்வோர். அந்த ஒரு சொல்லைத்தான் எழுதினாள். முழங்கால்கள் எல்லாம் தங்கள் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன, பென்சன் எடுக்கும் வருசங்கள் குறைந்தன, விலை இறங்கியது. ஆர்னே கையெழுத்துப் போட்டான். நிதி தப்பியது. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவள் ஓய்வுபெற்ற நாளில் எனக்கு அந்தக் கம்பளிச் சட்டையைத் தந்தாள். கை நீளம். இன்னும் போடுகிறேன், மடித்துவிட்டு.

விலை இறங்கினாலும் கடதாசி வயசு இறங்கினபடிதானே. மற்றவர்கள் முழங்காலைச் சாட்டிக்கொண்டு ஒவ்வொருவராய் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். பரா அண்ணைக்கு அந்த முழங்காலும் ஒத்துழைக்கவில்லை, கல்லுப்போல இருந்தது. அரசாங்கத்தின் பென்சன் வயசான அறுபத்தேழு வரும்வரை, அதாவது தன் எழுபத்தேழுவரை, நீராவிக்குள் நின்று விரிப்பு மடித்தார். "நானாய்க் குறைச்சது தம்பி, நானாய்த்தான் நிண்டு முடிக்கவேணும்" என்பார். இந்த வயசில் இப்படி ஓடியாடுகிறாரே என்று ஆலையில் இளசுகள் அதிசயப்பட்டார்கள். உண்மை தெரிந்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள்.

ஆரணி தொலைபேசி எடுத்த அடுத்தநாள் அவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். இப்போது மயிருக்குக் கறுப்பு அடிப்பதில்லை. இந்தக் கதையை எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுது, பேரை மாத்து" என்றார். அடுத்த அறையில் தேவி அக்கா இருமுவது கேட்டது. போன மாரியில் இருந்து அவவுக்குச் சுகமில்லை.

"தம்பி, உன்ரை வேலை அதுதானே. எனக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கு எண்டு கணக்குப் பாத்துச் சொல்லு. இவள் போகுமட்டும் நான் இருக்கவேணும். தனிய விட்டிட்டுப் போகேலாது."

என்னை வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். என் வேலை என்னவென்று தெரிந்துகொண்டு கேட்டவர் இவர் ஒருவர்தான். நான் இருமினேன்.

"எந்தக் கணக்குப்படி சொல்ல அண்ணை?"

"இதென்ன கேள்வி. கவர்மெண்டுக் கணக்குப்படிதான்."

"கவர்மெண்டுக் கணக்குப்படி இன்னும் இருபது வருசம் கிட்ட இருக்கு."

"அப்ப போதும்" என்று சொல்லிவிட்டு, தேவி அக்காவுக்குத் தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.